ஆசியா பீவி பொறுக்கிய பாக்கு

சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த பாக்குக் கிட்டங்கியில் ஆசியா பீவிக்குத் தரம் பிரிக்கும் வேலை. கனத்த பாக்கு வலப்பக்கம், சூம்பியது இடப்பக்கம். கணவர் ஷேக் அலாவுதீன் காய்ச்சலில் போன பின்பு, வீட்டில் அவளோடு மூச்சுவிட்ட ஒரே உயிர் அவர் வளர்த்த சாம்பல் பூனை. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. "வாங்க" என்றால் வரும்.

அந்த மழைக்காலத்தில் பூனை இளைத்தது. வயிறு மட்டும் உப்பியது. வாலடியில் சோற்றுப்பருக்கை போல வெள்ளையாய் ஏதோ நெளிந்தது. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து விற்கிற கடையில் கேட்டாள், சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

கிட்டங்கி வண்டிக்காரன் அய்யாக்கண்ணுவும் முதலில் சிரித்தான்.

"நீங்க கஞ்சி குடிக்கிறீங்க, அது மீன் திங்குது. அதுதான் துவான், பெரிய முதலாளி; நீங்க கூலி லா!"

"கிண்டல் பண்ணாதே தம்பி. அதுவும் போயிட்டா நான் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?"

அவன் குரல் இறங்கியது. "என் நாய்க்குப் பாக்குத்தூள்தான் குடுத்தேன்க்கா. நெய்யில குழைச்சு, துளியூண்டு. பூச்சி கொத்தா விழுந்துச்சு. நல்லாக் காஞ்ச பழசா எடுங்க."

காய்ந்த பழசு இடப்பக்கக் குவியலில்தான் கிடந்தது. கழித்துப் போடுவது. கணவர் வளர்த்த பூனைக்கு அதையா கொடுப்பாள்? வலப்பக்கத்தில் துழாவி, ஈரம் வற்றாத புதுப் பாக்காக ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மென்றால் ஆளுக்கே தலைசுற்றும் பாக்கு. அந்த வேகத்துக்குப் பூச்சி நிற்காது என்று நினைத்தாள்.

இடித்து, நெய்யில் குழைத்து ஊட்டினாள். பூனை அவளை நம்பி விரலை நக்கியது.

சற்று நேரத்தில் நாடா போல நீளமாய்ப் பூச்சி வெளியே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். பூனையின் வாயில் நுரை தள்ளியதை அதற்குப் பிறகுதான் கண்டாள். கால்கள் பின்னின. உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது. பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு ஒலித்தபோது அவள் மடியில் அது விறைத்துக் கிடந்தது.

மறுநாள் கேட்ட அய்யாக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டான். "புதுசையா குடுத்தீங்க? பழசுன்னு சொன்னேனேக்கா!"

"நல்லதாப் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு ரொஸ்னா ஒரு குட்டியைக் கொண்டுவந்தாள். ஆசியா பீவி அதைத் தொடவில்லை.

"கொண்டு போயிடும்மா. என் கையால எதுவும் திங்கவேணாம்."

கதவைச் சாத்தினாள். குட்டி வெளியே நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தது.