ஜாடி நீலத்தில் ஒரு ராஜ்தூத்

பழைய இரும்புக்காரர் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். சக்கரபாணி பேரம்கூடப் பேசாமல் தலையாட்டிவிட்டார். சமையல்கட்டில் இருந்த அவர் மனைவி அம்சவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"இப்ப குடுக்கல அண்ணே. வேணும்னா சொல்லியனுப்புறோம்."

இரும்புக்காரர் போனதும் சக்கரபாணி குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "அத வெச்சி என்னா பண்ணப் போற? நான் ஓட்டப் போறதில்ல. எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிது."

"பெயிண்ட் அடிச்சி, இன்ஜின சரி பண்ணி வித்தா நல்ல வெலைக்குப் போவும்னு மெக்கானிக் அன்புச்செல்வன் சொன்னாரு. பாண்டிச்சேரிப் பக்கம் பழைய வண்டிக்கு அலையறாங்களாம்."

"யாரு அடிக்கிறது?"

"நான்தான். வேற யாரு?"

சக்கரபாணி சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. கிண்டல் சிரிப்புதான் என்றாலும் அம்சவல்லிக்கு அது பிடித்திருந்தது.

அவர் சர்க்கரை ஆலைக்காகக் கரும்பு பதிவு செய்யும் வேலை பார்த்தவர். நல்லூர்ப் பக்கம், பெண்ணாடம் பக்கம் என்று வரப்பு வரப்பாகப் போய், எந்தக் கரும்புக் கொல்லையில் எப்போது வெட்டு என்று சொல்லிவிட்டு வருவார். அந்தச் சிவப்பு ராஜ்தூத் 'படபட'வென்று வரும் சத்தம் கேட்டாலே, வெட்டு உத்தரவு வருகிறது என்று ஆட்கள் ரோட்டுக்கு வந்து நிற்பார்கள். நாலு ஊர்க்காரர்கள் கை எடுத்துக் கும்பிட்ட மனிதர். உடம்பில் சர்க்கரை இருப்பது தெரிந்தும் அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. "ஆலைக்காரன் மூட்டையில கட்டி விக்கிறான், நான் உள்ளயே வெச்சிக்கிட்டேன்," என்று அதையும் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணில் புகை மாதிரித் தெரிந்தபோதும் வெயில் என்றார். லேசர், ஊசி என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்ததெல்லாம் அதற்கப்புறம்தான். இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். யாராவது கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவதை ஊர் பார்க்கக்கூடாது என்று வீட்டைவிட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார்.

அம்சவல்லிக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை. வளர்மதி என்ற அம்மாள் நடத்தும் சின்ன கம்பெனி. ஊறுகாய் ஜாடி, விளக்கு, பொம்மை எல்லாம் செய்கிறார்கள். காய்ந்த ஜாடிமேல் கிளேஸ் என்கிற மினுக்குப் பூச்சைத் துப்பாக்கியால் தெளிப்பது அம்சவல்லியின் வேலை. தெளிக்கும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். சூளையில் வெந்து வெளியே வந்தால்தான் பச்சையா, நீலமா, தேன் நிறமா என்று முகம் காட்டும். காலையில் சூளைக் கதவு திறக்கும்போது முதல் ஆளாகப் போய் நிற்பாள். இத்தனை வருஷத்தில் அந்த ஆசை அவளுக்கு அலுக்கவே இல்லை.

மகள் இளமதி ஓசூரில் இருந்து போனில் சத்தம் போட்டாள். "ஏம்மா, வேலைக்குப் போறதுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கயேன். அந்தத் தகரத்த வெச்சி ஏன் மல்லுக்கட்டுற?"

"விக்கிறதுக்குத்தாண்டி," என்று சொல்லி அம்சவல்லி போனை வைத்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கணவர் ஒரு மூலையில், வண்டி ஒரு மூலையில் என்று இரண்டும் சும்மா கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்ஜினைக் கழற்றி ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அன்புச்செல்வன் எடுத்துப்போனார். பெட்ரோல் டேங்க், மட்கார்டு, பக்கவாட்டு மூடி எல்லாம் வீட்டுப் பின்பக்கம் சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்தன. வேலை முடிந்து வந்ததும் தண்ணீர் வாளியும் எமரிப் பேப்பருமாக உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். பழைய பெயிண்டும் துருவும் கரைந்து செங்கல் தண்ணீராக ஓடும். முதல் வாரம் சக்கரபாணி உள்ளேயே இருந்தார். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தடவித் தேடி, ஒரு மட்கார்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இங்க அமுங்கியிருக்குது பாரு. பெண்ணாடத்துல டிராக்டர்காரன் இடிச்சது. பட்டி வெச்சி ரொப்பு."

அவள் குனிந்து பார்த்தாள். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன இடத்தில் விரல் வைத்தபோது லேசான பள்ளம் இருந்தது. அதன்பிறகு அந்த வேலை இரண்டு பேர் வேலையாகிவிட்டது. அவள் தேய்ப்பாள், அவர் தடவிப் பார்ப்பார். "இன்னும் சொரசொரன்னுது" என்பார். "உங்களுக்கு வாயில சொல்றது சுளுவு" என்பாள். கை வலித்தாலும் பேச்சு வார்த்தை இருந்தது.

பெயிண்ட் வாங்கப் போகும்போது சக்கரபாணி உறுதியாகச் சொல்லி அனுப்பினார். "பழைய செவப்பே பாத்து வாங்கியா. வேற கலரு அந்த வண்டிக்குச் சேராது."

அவளும் அந்த எண்ணத்தோடுதான் கடைக்குப் போனாள். பையில் ஒரு ஜாடி மூடி கிடந்தது. விளிம்பு உடைந்ததால் கழித்துப் போட்ட மூடி, சும்மா எடுத்து வைத்திருந்தாள். ஓரத்தில் கருநீலம், நடுவில் மயில் கழுத்து மாதிரி வெளுத்துக்கொண்டு வரும் நீலம். கடைக்காரர் சிவப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவளை அறியாமலே மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்த மாதிரி கலந்து தர முடியுங்களா?"

முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் சக்கரபாணி தின்னர் வாசனை பிடித்து, "செவப்பு கெடச்சுதா?" என்று கேட்டார். அம்சவல்லி "ம்" என்றாள். பிறகும் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

கம்பெனியில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியும் காற்று மெஷினும் இரவல் கொடுத்தார் வளர்மதி அம்மாள். தெளிப்பது கைவந்த வேலைதானே என்ற தெம்பில் அம்சவல்லி டேங்கைத் தொங்கவிட்டு அடித்தாள். ஜாடிமண் பூச்சை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தகரம் அப்படி இல்லை என்பது அவளுக்கு உறைக்குமுன் பெயிண்ட் கோடு கோடாக வழிந்து அடியில் சொட்டியது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து மறுபடி ஆரம்பித்தாள். அடுத்த முறை மழை ஈரத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. அன்புச்செல்வனைப் போனில் பிடித்துக் கேட்டாள். "காத்துல ஈரம் இருக்குது அக்கா. வெயில் காயற அன்னிக்கி மெலிசா ஒரு கை, காஞ்சப்பறம் இன்னொரு கை, அப்படி ஏத்துங்க," என்றார். ஐப்பசி மழை விடும்வரை காத்திருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றினாள். காய்ந்ததும் சக்கரபாணி புறங்கையால் டேங்கைத் தடவினார்.

"கண்ணாடி மாதிரி இருக்குது அம்சா," என்றார்.

அவள் துப்பாக்கியைக் கழுவப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு முன்பே இன்ஜின் வந்து ஏறிவிட்டது. அன்புச்செல்வன் உதைத்துக் கிளப்பினார். புகையைக் கக்கிக்கொண்டு வண்டி படபடத்தபோது சக்கரபாணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் அன்புச்செல்வன் பாண்டிச்சேரியில் இருந்து ஒருவரை அழைத்து வந்தார். கூலிங் கிளாஸ் போட்ட, மரியாதையான மனிதர். குனிந்து இன்ஜின் நம்பரைப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், திருப்தியாகத்தான் இருந்தது.

"இன்ஜின் அருமையா இருக்கு சார். நான் எடுத்துக்கறேன். இந்த நீலத்த மட்டும் உரிச்சிட்டு, பழையபடி சிவப்பு அடிச்சிக்கணும்."

"எந்த நீலம்?" என்றார் சக்கரபாணி.

அன்புச்செல்வன் அம்சவல்லியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பாண்டிச்சேரிக்காரருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "டேங்க், மட்கார்டு எல்லாமே நீலம்தானே சார்," என்றார்.

சக்கரபாணி, "நாங்க வூட்ல பேசிட்டுச் சொல்றோங்க," என்றார். குரல் மாறவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். அவர்கள் குடித்துவிட்டுப் போகும்வரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேட் மூடும் சத்தம் கேட்டது.

"கண்ணு தெரியாதவன்தான, என்னா தெரியப் போவுதுன்னு நெனச்சிட்ட."

"அப்படி நெனைக்கலங்க."

"வேற எப்படி நெனச்ச? மடியில வெச்சி மடியில வெச்சித் தடவிக் குடுத்தனே. கண்ணாடி மாதிரி இருக்குதுன்னு சொன்னனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லாதது தப்புதான்." அவள் தரையில் உட்கார்ந்தாள். "சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்படி என்னா ஒலகத்துல இல்லாத நீலம் அது?" என்று கேட்டார்.

"கம்பெனியில ஜாடிக்கு அடிப்போமே, அந்த நீலம்."

"எனக்கு எப்படித் தெரியும் அது?"

அம்சவல்லிக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "எப்படித் தெரியும்? தெனமும் வண்டியில கொண்டாந்து கேட்டுல எறக்கிவுட்டுட்டுத் திரும்பிடுவீங்க. ஒருநாளு, ஒரே ஒருநாளு உள்ள வந்து நான் என்னா வேல செய்யறேன்னு பாத்திருக்கீங்களா? சூளையத் தெறக்கும்போது அந்த நீலம் வரும் பாருங்க, அத யாருக்காவது காட்டணும்னு இருக்கும் எனக்கு. கண்ணு இருந்தப்பவும் நீங்க பாக்கல."

சொன்னபிறகுதான் அந்தக் கடைசிப் பேச்சு அதிகம் என்று அவளுக்குப் பட்டது. அழுகை வந்தது. எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார். அவள் வேலைக்குப் போன பிறகு என்ன செய்தார் என்று தெரியாது. ஒருநாள் சாயங்காலம் அவள் வந்தபோது வண்டி அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாண்டிச்சேரிக்காரனுக்கு வண்டி இல்லன்னு சொல்லிடு," என்றார்.

"ஏன்?"

"கஷ்டப்பட்டு அடிச்சத அவன் உரிப்பானாம். உரிக்கிறவனுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

"அப்ப வண்டிய என்னா பண்றது?"

"நீ ஓட்டு."

அவள் நம்பவில்லை. கேலி பேசுகிறார் என்று நினைத்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அன்புச்செல்வன் வந்து வண்டியைத் தொழிற்பேட்டைக்குள் ஓட்டிப் போனார். லாரி எதுவும் வராத விடுமுறை ரோடு. சக்கரபாணி அம்சவல்லியின் தோளில் கை வைத்துத் தெரு முழுக்க நடந்தே வந்தார். எதிரில் வந்தவர்கள், "என்னாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அவரும் நின்று நின்று பதில் சொன்னார்.

வண்டி கனம். உதைத்தால் திருப்பி உதைத்தது. அவள் கெண்டைக்கால் கன்றிப்போனது. கிளட்சை விட்டால் குதித்து நின்றது. சக்கரபாணி ரோட்டோர வேப்பமரத்தடியில் நின்றபடி சத்தத்தை வைத்தே அதட்டினார். "மொனவுது பாரு, ரெண்டுக்குப் போடு. ஐயோ, அதுக்குள்ள மூணு வேணாம்." மூன்றாவது வாரம் திருப்பத்தில் மணலில் சறுக்கி அவள் கீழே விழுந்தாள். சத்தம் கேட்டு அவர் கைகளை நீட்டிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடி வந்துவிட்டார்.

"அம்சா, அடி பட்டுச்சா? எங்க இருக்கிற?"

"இங்கதான். முழங்கைதான் பேந்துடுச்சி. பெயிண்டும் போயிடுச்சி."

"பெயிண்ட் கெடக்குது வுடு," என்றார். தடவித் தேடி அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்.

லைசென்ஸ் எடுத்த பிறகு ஒரு காலை, கம்பெனி வாசலில் அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அன்றைக்குச் சூளை திறக்கும் நாள். வளர்மதி அம்மாள் நாற்காலி போடச் சொன்னார். சக்கரபாணி உட்காரவில்லை. கதவு திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டை வாங்கிக்கொண்டு நின்றார். அம்சவல்லி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய ஜாடி ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சுற்றித் தடவினார், அடியைத் தடவினார், விரலால் தட்டிச் சத்தம் கேட்டார்.

"நீலமா வந்திருக்குதா?"

"வந்திருக்குதுங்க. கழுத்துகிட்ட கருநீலம். கீழ போவப் போவ வெளுத்துக்கிட்டு, நல்ல வெயில்ல ஏரித் தண்ணி இருக்குமே, அப்படி இருக்குது."

"வெலிங்டன் ஏரி மாதிரியா?"

"ஆமா, அது ரொம்பி இருக்கும்போது."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். மத்தியானம்வரை அங்கேயே இருந்து, யார் எந்த ஊர், எந்தக் கொல்லையில் கரும்பு போட்டிருந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பாதிப்பேரின் அப்பாக்களை அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டுபேரும் மங்கலம்பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே அவருக்குப் பழக்கமான டீக்கடை ஒன்று உண்டு, சர்க்கரை போடாத டீயும் கொஞ்சம் அரட்டையும் கிடைக்கும். போகும்போது அவர் பின்னால் இருந்து ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே வருகிறார். தேவையில்லாமல் ஹாரன் அடிக்கிறாள் என்பதுதான் முக்கியமான குறை.

"முன்னால பஸ்ஸு நிக்கிதுங்க," என்பாள் அவள்.

"நிக்கிறவனுக்கு எதுக்கு ஹாரன்? சுத்திக்கிட்டு போ," என்பார் சக்கரபாணி.

அவள் இன்னொரு முறை அடித்துவிட்டுத்தான் சுற்றிக்கொண்டு போகிறாள்.