ட்றில் மெஷினுக்கு நான் வாங்கிய பற்றரி

கத்தாரிலிருந்து திரும்புகிறவர்கள் அந்தக் காலத்தில் கம்பளிப் போர்வையும் சென்ற் போத்தலும் கொண்டுவருவார்கள். என் மனைவியின் தம்பி கோணல் மணிக்கட்டு ஒன்றையும் வயர் இல்லாத ட்றில் மெஷின் ஒன்றையும் கொண்டுவந்தான். வேலைத்தளத்தில் சாரத்திலிருந்து விழுந்து முறிந்த வலது கை, பொருந்தும்போது கொஞ்சம் பிசகிப் பொருந்திவிட்டது. ஆள் தச்சன். ஆனால் ஒரு திருகாணியை இரண்டு சுற்றுக்கு மேல் முறுக்க ஏலாது. மிச்சச் சுற்றுக்களை மெஷின் பார்த்துக்கொண்டது.

அவனுடைய ஊர் வெருகலுக்குப் பக்கத்தில், கடலோரம். மின்சாரம் கிடையாது. படம் போடும் கொட்டிலில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. அதில்தான் பற்றரியைச் சார்ஜ் பண்ணுவான். படம் மூன்று மணித்தியாலம் ஓடினால் பற்றரி நிறையும். தமிழ்ப் படங்களின் நீளத்தால் நன்மை பெற்ற ஒரே தச்சன் உலகத்தில் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகு பற்றரிக்கு வயது போயிற்று. முழுப் படத்தையும் குடித்துவிட்டு வந்தும் நான்கு திருகாணியோடு படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு பெரிய வேலை வந்தது: மீள்குடியேறியவர்களுக்குக் கட்டிய வீடுகளுக்குக் கதவு, யன்னல் பொருத்திப் பூட்டுவது. ஒரு வருடத்துக்குக் காணும். எட்டு நாளில் தொடங்கவேண்டும். மெஷின் ஓடாவிட்டால் வேறு ஆட்களுக்குப் போய்விடும். வேலை நிலைத்தால் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் திரும்பவும் கத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். எனக்குத் திருகோணமலையில் கந்தோர் வேலை, ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், வீட்டில் புத்தக அலுமாரி இரண்டு. எங்கள் சொந்தத்துக்குள் இந்தத் தகுதிகள் கல்யாணம் பேசுவதற்குப் போதும். பற்றரி வாங்கவும் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதலில் நினைத்தவன் நான்.

“அத்தான், பழசைக் கழட்டித் தரட்டோ?”

“வேண்டாமடா. தனிப் பற்றரியைக் கண்டால் ஆமிச் சென்றியில கேள்வி கேப்பினம்.”

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தின் கடைசி மாதங்கள் அவை. அதற்கு முந்தி, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அவர்கள் பக்கத்துக்கு ரோர்ச் பற்றரிகூடக் கொண்டுபோகத் தடை. நடுவில் தளர்ந்து, இப்போது மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது.

அவன் பற்றரியின் தண்டை, அதாவது மெஷினின் கைப்பிடிக்குள் நுழைகிற பகுதியை, கொப்பித் தாளில் கவிழ்த்து வைத்துச் சுற்றிவரப் பென்சிலால் கீறினான். தவாளிப்புப் பள்ளம் எந்தப் பக்கம், தகடு எந்தப் பக்கம், கூட்டல் எங்கே, கழித்தல் எங்கே எல்லாம் குறித்தான். மேலே 14.4 வோல்ற் என்று எழுதினான்.

“இதை வைச்சுப் பாத்து வாங்குங்கோ. வோல்ற் சரியெண்டாலும் தண்டு வேறையெண்டால் உள்ளுக்குப் போகாது.”

“என்னை என்ன பாலர் வகுப்பெண்டு நினைச்சியோ?”

அன்று பின்னேரம் மூதூரில் லாஞ்சி ஏறினேன். பாதிக் கடலில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பென்சில் வரைபடம், கூட்டல், கழித்தல், வோல்ற். நான் வாசித்திருந்த துப்பறியும் கதைகள் அத்தனையும் ஒன்றாக எழுந்து நின்று, இது குண்டுக்குக் கீறிய படம் என்று எனக்கு விளக்கின. தாளை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன், கொட்டியாரக் குடாவில் போட்டேன். துறையில் கடற்படைக்காரன் என் தயிர் முட்டியைத் திறந்து பார்த்தான். சட்டைப் பையைத் தொடவேயில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பற்றரிகளை மேசையில் வைத்தார். இரண்டும் 14.4, இரண்டிலும் தண்டு. ஒன்றில் ஒரு பக்கம் தவாளிப்பு, மற்றதில் இரண்டு பக்கமும்.

“பழசு கொண்டந்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப அளவு ஏதும்?”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சாச் சரி. பெட்டியைத் திறந்தால் மாத்தித் தரமாட்டம், ஐயா. பிறகு சண்டைக்கு வரப்படாது.”

இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, பாரமானதை எடுத்தேன். புத்தகமும் நான் அப்படித்தான் வாங்குவது.

சனிக்கிழமை வரைக்கும் அது என் அலுமாரியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் கந்தோரால் வந்து எடுத்துப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லீவு போட்டுப் போய் வரலாம். ஆனால் போய் என்ன சொல்வது? பயத்தில் உன் தாளைக் கடலில் போட்டேன் என்றா?

சனிக்கிழமை கிராம சேவகரின் கடிதத்தோடு பற்றரியைக் கொண்டுபோனேன். மூதூருக்கு அப்பால் சென்றியில் நின்ற ஆமிக்காரன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். என் சிங்களம் தச்சு வேலை வரைக்கும் எட்டாது. விரலைச் சுவருக்கு நேரே நீட்டி, வாயால் “டுர்ர்ர்” என்றேன். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனுக்கும் ஒருமுறை “டுர்ர்ர்” என்று காட்டவேண்டியிருந்தது. இருவரும் சிரித்துவிட்டு, பற்றரியைத் திருப்பித் தந்தார்கள்.

மச்சான் மெஷினோடு முற்றத்தில் காத்திருந்தான். பற்றரியைக் கைப்பிடிக்குள் வைத்தான், எடுத்தான், தண்டைப் பார்த்தான்.

“இதில ரெண்டு பக்கமும் தவாளிப்பு. நான் கீறினது ஒரு பக்கமெல்லோ?”

“கடைக்காரனுக்குப் பேப்பரைக் காட்டினனான். இதுதான் எண்டு அடிச்சுச் சொன்னான்.”

“நாசமாப் போவான். பேப்பர் எங்கை?”

“கடையில விட்டிட்டன்.”

அன்று பின்னேரம் முழுக்க அரத்தால் தண்டை ராவினான். கடைசியில் உள்ளே போயிற்று. ஆனால் தகடுகள் எதிர்ப்பக்கம், மெஷின் அசையவில்லை. திங்கட்கிழமை இடது கையால் திருகாணி முறுக்கி ஒரு யன்னலைப் பூட்டி முடிக்க அவனுக்கு மத்தியானம் ஆகிவிட்டது. மேற்பார்வைக்காரர் நல்ல மனிதர், அடுத்த நாள்தான் வேறு ஆட்களைக் கொண்டுவந்தார்.

இரண்டு மாதத்தில் அவன் கத்தார் போனான். வாசல் காவல் வேலை. அதற்கு மணிக்கட்டு தேவையில்லை. பின்னால் சண்டை தொடங்கி, ஷெல் விழுந்து, அந்தக் கரை முழுதும் இடம்பெயர்ந்தது. அவன் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தெற்கே வாகரைப் பக்கம் நடந்தாள். சின்னவளைத் தூக்க ஆள் இல்லை. பதினொரு நாள் அவனுக்கு ஒரு தகவலும் இல்லை. பிறகுதான் மூவரும் உயிரோடு இருப்பது தெரிந்தது.

சண்டை முடிந்து மூன்றாம் வருடம், போனில் கதைக்கும்போது அவன் அந்தக் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினான். அப்போதுதான் சொன்னேன்: கடல், தாள், செவ்வாய்க்கிழமைச் சந்தேகம், எல்லாம்.



“அப்ப நீங்கள் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கலாமே, அத்தான். இன்னொண்டு கீறித் தந்திருப்பன்.”

கோபம் இல்லை. வேலையைப் பற்றிக் கதைக்கும் குரல்தான் அது. “ஓம்” என்றேன். பிறகு அவன் என் பிரஷர் எப்படி, குளிசை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டான்.