சத்தம் வராத மேல்வீடு

மேல்வீட்டுக்காரர் டம்ளரை மேசையில் வைக்குமுன் சுண்டுவிரலை வைக்கிறார். டம்ளரின் அடிப்பாகம் விரலின் மேல் வந்து உட்காருகிறது. பிறகு விரலை மெல்ல உருவிக்கொள்கிறார். என் வீட்டுக்குக் காபி குடிக்க வரும் ஒவ்வொரு தடவையும் இதுதான். "எவர்சில்வர்தானே, உடைஞ்சா போயிடும்?" என்று ஒருநாள் கேட்டேன். "உடையாதுக்கா. ஆனா அது போய்த் தொடுற அந்த நேரம் இருக்கு பாருங்க, அத என்னால பார்க்க முடியாது" என்றார்.

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, நானாகவும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, தலையைச் சற்றே குனிந்து நடப்பார். சட்டைப் பையில் பேனாகூட வைக்க மாட்டார், குனிந்தால் விழுந்துவிடுமாம். கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்துவார். மாடிப்படியில் அவர் வருவது யாருக்கும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார், நமக்குத்தான் தூக்கிவாரிப்போடும். பூனைக்காவது மணி கட்டலாம், இவருக்கு எதைக் கட்டுவது?

என் தலைக்கு மேலே இருப்பது அவருடைய வீடு. முன்பு அங்கே குடியிருந்தவர்கள் நாற்காலியை இழுத்து இழுத்தே என்னைப் பாடாய்ப் படுத்தியவர்கள். இவர் குடிவந்ததிலிருந்து கூரையில் ஒரு சத்தம் கிடையாது. வாடகைக்கு வந்தவர்கள் இருக்கிறார்களா, ஓடிப்போய்விட்டார்களா என்று முதல் மாதம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் பார்க்கும் வேலை, துப்பாக்கி சுடுவது.

நிலாவிலும் மற்ற கிரகங்களிலும் இருக்கிற குழிகள் எப்படி உண்டாகின்றன என்று ஆராயும் கூடம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஓர் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளும் துப்பாக்கி. அதற்குப் பணிவிடை செய்பவர் இவர். மணலைச் சலித்துத் தொட்டியில் நிரப்பி, மட்டப்பலகையால் தேய்த்துச் சமப்படுத்துவார். மிளகு அளவுக் கண்ணாடிக் குண்டு ஒன்றைத் துப்பாக்கியில் வைப்பார். தொட்டி இருக்கும் இரும்பு அறையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். நிலாவில் காற்று இல்லையே, அதனால் இங்கேயும் இருக்கக் கூடாது. நான் எழுதுகிற பத்திரிகைக்காக ஒருமுறை அங்கே போயிருந்தேன். வீட்டில் டம்ளர் வைக்கிற அதே மனிதர்தான், ஆனால் முகம் வெளுத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் கழித்துமா என்று ஆச்சரியப்பட்டேன்.

சைரன் ஒலித்தது. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் வந்து நின்றோம். பஞ்சு தம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கை மணிக்கட்டை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "சைரன் அடிச்சப்புறம் எத மறந்திருந்தாலும் கை நீட்டக் கூடாதுக்கா. விளக்கு சாய்ஞ்சிருக்கும், ஒரு திருகாணி லூசா தெரியும், நம்ம கை தானா போயிடும். எனக்கு முன்னால இங்க இருந்தவருக்கு அப்படித்தான் போச்சு. அவருக்கு ரெண்டு விரல் கிடையாது." சொல்லி முடிப்பதற்குள் இடி இடித்தது போலத் துப்பாக்கி வெடித்தது.

நடந்ததைத் திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். குண்டு கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு வெளிச்சம். பிறகு மணல் புனல் வடிவத்தில் எழுந்து, ஓசையில்லாமல் வெளிப்பக்கம் விரிந்து, சுற்றிலும் விழுந்தது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமான குழி. மிளகுக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது பஞ்சு பக்கத்தில் வந்து நின்றார்.

"வானத்துலேருந்து வர்ற கல்லு போய்த் தோண்டுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கல்லு தோண்டலக்கா, கல்லு நின்னுடுது. அவ்வளவு வேகத்தையும் பட்டுன்னு நிறுத்தினா அந்த வேகம் எங்க போகும்? மண்ணுக்குள்ள போயிடும். மண்ணு அரண்டுபோய் நாலு பக்கமும் ஓடுது. அது ஓடின இடம்தான் குழி. அதனாலதான் கல்லு சாய்ஞ்சு வந்தாலும் குழி வட்டமாவே இருக்கு."

தொட்டியில் அடியில் வெள்ளை மணலும் மேலே கறுப்பு மணலும் போட்டிருந்தார்கள். குழியின் விளிம்பில் வெள்ளை மேலே புரண்டு கிடந்தது. குண்டு எங்கே என்று தேடினேன். "தேடாதீங்க, தூள் தூளாப் போயிருக்கும். நிஜமான கல்லுன்னா ஆவியாவே போயிடும்" என்றார். அவருடைய மேலதிகாரியான அம்மாள், பெரிய குழிகளில் அடித்தளம் மேலே எம்பி நடுவில் ஒரு மலையே நிற்கும் என்றும், பூமியில் மழையும் காற்றும் குழிகளை மூடிவிடுகின்றன, நிலாவில் மூட யாரும் இல்லை என்றும் சொன்னார். அதே குண்டைப் பாறையில் செலுத்தினால் குழி உள்ளங்கைக்குள் அடங்கிவிடுமாம். மணல் விட்டுக்கொடுக்கும், பாறை கொடுக்காது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பஞ்சு எனக்குக் கடைசியாகக் காட்டியது ஒரு பெட்டி. சிதறி வரும் துண்டுகளைப் பிடிப்பதற்காக உள்ளே கனமான பஞ்சு மெத்தை வைத்திருந்தார்கள். "இதுல வந்து விழுந்தது எதுவும் உடைஞ்சதில்லக்கா" என்று அதைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் அவர் பிரியமாகத் தொட்ட பொருள் அது ஒன்றுதான்.

வானத்திலிருந்து ஏதாவது விழும் என்று அவர் பயப்படுவதில்லை. "அதெல்லாம் காத்துலயே எரிஞ்சிடும்." மாடிச் சுவரில் இருக்கும் பூந்தொட்டிதான் பயம். மின்விசிறி பயம். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பெண் அவள். "எங்களுக்குக் கல்யாணமானப்ப இவ்வளவு இல்லக்கா. பாப்பா பிறந்ததுலேருந்துதான்" என்றாள்.

வெகுகாலம் காத்திருந்து பிறந்த குழந்தை. அது தவழத் தொடங்கிய வாரமே பஞ்சு கடைக்குப் போய், ஆய்வுக்கூடத்துப் பெட்டியில் இருந்தது போன்ற மெத்தை வாங்கி வந்தார். வீடு முழுக்க, சுவரிலிருந்து சுவர்வரை விரித்தார். மேலே ஒரு துணி. தொட்டிலுக்கு மேலிருந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டார். நான் அங்கே போனபோது கால் கணுக்கால்வரை அமிழ்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "எங்க வீட்ல எல்லாரும் குடிச்சவங்க மாதிரிதான் நடப்போம்" என்று அவள் சிரித்தாள். பஞ்சு வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் குழந்தை அவர் தோளில்தான். இறக்கினால் அந்த மெத்தையில் உட்கார வைப்பார், சுண்டுவிரல் வைப்பது போலவே, கையை அடியில் கொடுத்து.

சிரிப்பெல்லாம் குழந்தைக்கு ஒன்றரை வயதானதும் நின்றுவிட்டது. அது நடக்கவில்லை. நடக்காததோடு, எதையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவும் இல்லை. எதிர்வீட்டில் அதற்குப் பிறகு பிறந்த குழந்தை செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்துத் தெரு டாக்டர் மேசையில் படுக்க வைத்துக் காலை மடக்கிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். நரம்பாக இருக்கலாம், தசையாக இருக்கலாம். சில நோய்கள் இப்படித்தான் தொடங்கும் என்று மட்டும் சொன்னாராம். அது என்ன நோய், எங்கே போய் முடியும் என்று கேட்கப் பஞ்சுவுக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் மனைவி கேட்டாள், டாக்டர் சொன்ன பதிலை என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் அவர் காபி குடிக்க வந்தபோது டம்ளரை வைக்கவே இல்லை. காலியான பிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளா விழுந்துடுமோன்னு பயந்தேன்க்கா. இப்ப விழவே விழாதோன்னு பயமா இருக்கு." ஆறுதல் சொல்ல வாயெடுத்து, இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல்நாள் காலையில் மேல்வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. மெத்தை முழுக்க ஊறிப்போயிற்று. ஊறிய மெத்தையை ஒருவரால் தூக்க முடியாது. கணவனும் மனைவியுமாக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயவைக்க வேண்டும். குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார் பஞ்சு. என் கூடத்துத் தரையைப் பார்த்தார். வெறும் சிமென்ட்டு. "மடியிலயே வச்சுக்குங்கக்கா. கீழ மட்டும் விடாதீங்க" என்றார். சரி என்றேன்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கியது. குழந்தையோடு அடுப்பருகே போகக் கூடாதென்று அதைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போது பட், பட் என்று ஒரு சத்தம். பதறிப்போய்ப் பாத்திரத்தோடு திரும்பி வந்தேன். குழந்தை தரையைத் தன் உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தது. அடித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தது. மறுபடி அடித்தது. தன் கைக்கு இப்படி ஒரு சத்தம் உண்டென்று அதற்கு இதுவரை தெரியாது.

பிறகு அது என் முக்காலியின் விளிம்பைப் பற்றியது. முட்டி போட்டது. ஒரு பாதத்தை ஊன்றியது, அப்புறம் மற்றதை. எழுந்து நின்றது.

"அக்கா, பிடிங்க."

வாசலில் பஞ்சு நின்றார். வழக்கம்போல வந்தது எனக்குக் கேட்கவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் இரண்டு கையிலும் கொதிக்கிற பால். நான் அசைந்தால் குழந்தை திரும்பிப் பார்க்கும், பார்த்தால் விழும் என்று எனக்கும் அவருடைய பயம் தொற்றிக்கொண்டது. அவரே பாய்ந்து ஓரடி வைத்துக் கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். அவர் பார்த்தது குழந்தையின் முகத்தை அல்ல, காலை.

"மெத்தைல மாதிரி கால் உள்ள போகல" என்றார். அது என்னிடம் சொன்னது அல்ல. "தரை நிக்குது. அதான் அவளும் நிக்கிறா."

குழந்தை முக்காலியிலிருந்து ஒரு கையை எடுத்தது. பிறகு மற்றதையும். ஒரு கணம் எதையும் பிடிக்காமல் ஆடியது. தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் பஞ்சுவின் உடம்பு முழுவதும் ஒருமுறை குலுங்கியதைப் பார்த்தேன். குழந்தை அழலாமா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பின்னால் ஈரக் கையோடு வந்து நின்ற மனைவி, "தூக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். விடு."

குழந்தை இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தது. பின்புறத்தை உயர்த்தியது. மறுபடி முக்காலியைப் பற்றி எழுந்து, மறுபடி கையை எடுக்கப் பார்த்தது. பஞ்சு தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவற்றில் ஒன்று நழுவி முன்னே வந்தது. அதை மற்றக் கையால் எட்டிப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, விரல்கள் வெளுக்கும்வரை மணிக்கட்டை இறுக்கிக்கொண்டார்.