அரபு மன்னருக்கு ஒரு ஜை

ஐந்தாம் வகுப்புவரை நான் படித்தது ஒரு வளைகுடா நாட்டில், இன்டர்நேஷனல் ஸ்கூலில். நைனா என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவேன்; அவர் கம்பெனி பீஸ் கட்டியது. தினமும் காலையில் அந்த நாட்டுக் கொடியைப் பார்த்து, அந்த நாட்டு கீதத்தை அரபியில் பாடுவோம். பாடி முடித்ததும் ஒரு பிள்ளை மைக் முன்னால் போய் ‘மன்னர் நீடூழி வாழ்க’ என்று அரபியில் கத்த வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். நான் லீவு போட்டால் மன்னரின் ஆயுசு குறைந்துவிடும் என்று மனதார நம்பினேன்.

பிறகு கம்பெனி ஆட்களைக் குறைத்தது, நைனாவுக்கு வேலை போனது. மூட்டை கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் இருந்தது துபாயே இல்லை. ஆனாலும் புதுப் பள்ளியில் எனக்கு ‘துபாய் பாப்பா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைத் தொலைத்தாக வேண்டும் என்று எனக்கு வெறி.

ஆகஸ்ட் பதினைந்து நெருங்கியது. ஜன கண மன முடிந்ததும் ஒருவர் ‘பாரத் மாதா கீ’ என்று கத்த வேண்டும், கூட்டம் ‘ஜை’ போடும். பெரிய தொண்டைக்காரி நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். குளியலறையில் ஒத்திகை நடந்தது.

“இன்னாமா, குளிக்கிறியா, சுதந்திரம் வாங்கிக்கினு இருக்கிறியா?” என்றார் அம்மா.

அன்றைக்குக் கொடி விரிந்தது, சாமந்தி உதிர்ந்தது, பாட்டும் முடிந்தது. தேசிய கீதம் முடிந்தால் என்ன செய்வது என்று என் வாய்க்குத்தான் பழக்கமாயிற்றே. மைக்கைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து, அரபியில் மன்னரை வாழ்த்தினேன்.

மைதானமே “ஜை” என்றது. தலைமை விருந்தினரும் கையை உயர்த்தினார். டீச்சர் அதை சமஸ்கிருதம் என்று நினைத்திருக்க வேண்டும். “பாகா செப்பாவம்மா” என்று, நன்றாகச் சொன்னதாகத் தெலுங்கில் பாராட்டித் தட்டிக்கொடுத்தார்.

தப்பித்தேன் என்று நினைக்கும்போதே வாசல் பக்கம் நைனா நிற்பதைப் பார்த்தேன். அந்த மைதானத்தில் அரபி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

“கோவமா நைனா?”

“கோவம் இன்னாத்துக்கு? நானும்தான் கைய தூக்கி ஜை போட்டேன். போட்ட அப்புறம்தான், அந்த ஊர்க்காரங்கதான் என்னை வாணான்னு அனுப்பிச்சிட்டது ஞாபகம் வந்துச்சி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் யாரோ ‘துபாய் பாப்பா’ என்று கூப்பிட்டார்கள். நான் முதல்முறையாகக் கோபமில்லாமல் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்டேன்.