புகையிலைக்குள் வந்த விவாகப் பத்திரம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன் இப்படிப் பலர் படிக்க எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் விவாகப் பத்திரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதன் மேல்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தவிட்டு நிறக் கறை. முகர்ந்தால் இன்னும் புகையிலை மணக்கிறது. அந்தக் கறைக்காக என் அண்ணையை ஐந்து வருடம் வெறுத்தேன். அண்ணை இப்போது இல்லை, நான் கடைசியாக எழுதியது அவர் கைக்குப் போகாமலே செத்துப்போனார். கோபம் அப்படியே இருக்கிறது. அது போய்ச் சேரவேண்டிய இடம்தான் மாறிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் எங்களுடையது புகையிலைக் குடும்பம். அப்பா செத்த பிறகு தோட்டம், புகை போடும் குடில், வியாபாரம் எல்லாம் அண்ணையின் கைக்குப் போயின. காணியைப் பிரித்தால் வியாபாரம் உடைந்துவிடும் என்று பிரிக்காமலே வைத்திருந்தார். அவர் எது சொன்னாலும் நான் ஓம் என்பேன். என் கலியாணத்தைக்கூட, இலை வெட்டி, புகை போட்டு, சிப்பம் கட்டி முடிந்த பிறகுதான் வைத்தார். ஆறு மாதத்தில் சண்டைக்குப் பயந்து நான் நாட்டை விட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. மனைவி அண்ணை வீட்டில் நின்றாள்.

டென்மார்க்கில் என்னை ஸ்கீவ என்ற சிறு ஊரில் விட்டார்கள். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வதிவிட அனுமதி கிடைத்த கிழமையே மனைவியை அழைக்க விண்ணப்பித்தேன். விவாகப் பத்திரம் கேட்டார்கள். அண்ணைக்கு எழுதினேன். பத்திரத்துக்குப் பதிலாக டேனிஷ் மொழியில் ஒரு கடிதம் வந்தது. எழுத்து விளங்கவில்லை, முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது. திருப்பி அனுப்பப் போகிறார்களோ என்று பயந்து, யாரிடமும் கேட்கக் கூசி, மூன்று கிழமை மெத்தைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். கடைசியில் அறையில் கூட இருந்த மன்னார்க்காரர் கண்டெடுத்தார். என்னைவிட டேனிஷ் தெரிந்தவர்.

வாசித்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, மனுசியைக் கூப்பிட்டனீர், புகையிலையெல்லோ வந்து நிக்குது. சுங்கத்தில மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். வரி கட்டட்டாம்.”

எங்கள் வீட்டில் காணி உறுதிப் பத்திரங்களைப் புகையிலைக்குள் மடித்துத்தான் பெட்டகத்தில் வைப்பார்கள். பூச்சி அண்டாது. அண்ணை என் விவாகப் பத்திரத்தையும் அப்படியே அனுப்பியிருந்தார், பனங்கட்டிப் பாணி தடவிய நல்ல இலையாகப் பார்த்து, இரண்டு கட்டுக்கு நடுவில். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: “அங்கை எல்லாரும் சுங்கானிலை புகையிலை போட்டுப் பத்திறவையாம். இஞ்சை பாதை பூட்டிக் கிடக்கு, இலை தேங்கிப்போச்சு. ஒரு கம்பனிக்குக் காட்டிப் பார். பத்திரம் உள்ளுக்கை பத்திரமா இருக்கு.”

வரி கட்டி எடுக்க இன்னும் ஒரு மாதம் போயிற்று. பத்திரத்தை விண்ணப்பம் கொடுத்த கந்தோரில் நீட்டியபோது அங்கே இருந்த பெண் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். காத்திருக்கச் சொன்னார். அடுத்த முறையும் அதே சொல், அதற்கடுத்த முறையும் அதே சொல். ஒரு தடவை துணிந்து, இது பிந்தி வந்ததாலா என்று மன்னார்க்காரர் மூலம் கேட்டேன். அந்தப் பெண் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அன்று அண்ணைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிறந்ததிலிருந்து சொல்லாத ‘இல்லை’ எல்லாவற்றையும் அதில் எழுதினேன். உங்களுக்கு உங்கள் இலைதான் பெரிது, என் சீவியத்தையும் அதற்குள் வைத்துக் கட்டிவிட்டீர்கள் என்றேன். பதில் வரவில்லை. மூன்று வருடத்துக்கு மனைவியும் வரவில்லை. வந்தபோது அவள் காதுக்குப் பக்கத்தில் நரை விழுந்திருந்தது. செல் குண்டு விழுந்த இரவுகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த மூன்று வருடம்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பிறகு ஒரு தை மாதம் எல்லாம் பத்திரிகையில் வந்தது. மன்னார்க்காரர் பேப்பரோடு வீட்டுக்கு வந்து குசினியில் சாப்பாட்டு மேசைமேல் விரித்தார். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை நீதி மந்திரி சொல்லி வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்களாம். அது சட்டத்துக்கு மாறாம்.

“உம்மடை கறைப்பட்ட தாள் மட்டுமில்லை, தம்பி. வெள்ளை வெளேரெண்டு நேரத்துக்குப் போன தாளும் மேசை லாச்சிக்குள்ளதான் கிடந்திருக்கு. தங்கத் தட்டில வைச்சுக் குடுத்திருந்தாலும் அப்பிடித்தான்.”

நியாயமான ஆட்கள் என்று நான் நம்பிக் கும்பிட்ட ஆட்கள். ‘காத்திருங்கள்’ என்ற ஒவ்வொரு தடவையும், குற்றம் என் வீட்டில்தான் என்று நான் நினைக்கும்படி விட்ட ஆட்கள். அதனால் பிரதம மந்திரியின் பதவியே போய்விட்டது என்று பேப்பரில் இருந்தது. அண்ணையோடு பேசாமல் விட்ட ஐந்து வருடத்தை எனக்கு யார் திருப்பித் தருவது?

மன்னார்க்காரர் போன பிறகு மனைவி தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். “நீங்கள் எழுதின கடிதம் வந்த போகம் உங்கடை அண்ணை புகையிலை நடேல்லை. குடிலைப் பிரிச்சுப்போட்டு வெங்காயம் வைச்சவர்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“அவற்றை பேரை எடுத்தா நீங்கள் எழும்பிப் போயிடுவியள். பிறகு ஆருக்குச் சொல்லுறது?”

விவாகப் பத்திரத்தை எடுத்து விரித்தேன். அந்தக் கறையில் இலையின் நரம்பு அப்படியே பதிந்திருந்தது. அந்தப் போகத்தில் விளைந்ததில் நல்ல இலையைத்தான் வைத்திருக்கிறார். ஐந்து வருடத்தில் அதை நான் பார்க்கவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘அன்புள்ள அண்ணைக்கு’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி ஒட்டினேன்.

மறுநாள் தபால் கந்தோருக்குப் போனேன். சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு இப்போதைக்குத் தபால் எடுப்பதில்லை என்றார்கள். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பின்னேர வேலைக்குப் போனேன்.