ஃபேன் பெல்ட்டில் பூசிய விபூதி

வாலாஜாபாத் தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். காருக்குள் ரப்பர் எரியும் வாடை வந்தது.

பின் சீட்டில் சரோஜாம்மா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார். தலைச்சன் பிள்ளை. குறுக்கே கிடக்கிறது, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள் என்று சொல்லி மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சரோஜாம்மாவின் தலையை மடியில் தாங்கியபடி கணவர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரத்தில் நான்கு பட்டுத்தறி வைத்திருப்பவர். பழைய கார் அவருடையது. ஓட்டியவன் நான்.

அடியார்களே, இது ஏழெட்டு வருஷத்துக்கு முன், அறுபதுகளின் கடைசியில், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் நடந்தது. அப்போது எனக்குப் பக்தி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடியவன். லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டி, கல் உடைக்கிற வேலை, எல்லாம் செய்தேன். எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. கஷ்டம் வந்தால் அடுத்த பஸ் ஏறிவிடுவேன். ஏகாம்பரத்திடம் சேர்ந்து அப்போது நான்கு மாதம்.

வாடை ஏறிக்கொண்டே போனது. கைப்பிரேக்கைப் பார்த்தேன், விட்டுத்தான் இருந்தது. நிறுத்தி இறங்கி நான்கு சக்கரத்தையும் தொட்டேன். சூடில்லை. டயர் எங்கும் உரசவில்லை. ஒயர் எரிகிறதோ என்று மீட்டர் பலகைக்கு அடியில் மூக்கை வைத்தேன். அங்கேயும் இல்லை. பானெட்டைத் தூக்கினேன். வாடை முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். அறுபடவில்லை. தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகச் சுட்டது. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னாபா, எதனா தெரிஞ்சுதா?" என்று ஏகாம்பரம் இறங்கி வந்து கேட்டார்.

"தெரியலண்ணே."

"தெரியலன்னா எப்படிபா? டிரைவர்னு தானே வெச்சிக்கினு இருக்கேன்!"

நடுப்பகல். சாலையில் ஒரு கட்டை வண்டிகூட இல்லை. சரோஜாம்மா கத்துவதை நிறுத்தியிருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உள்ளதை எழுதுகிறேன்: வாலாஜாபாத் திரும்பி நடந்தால் ரயில் பிடிக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வந்தது. கால் இரண்டடி நகரவும் செய்தது.

அப்போது டாஷ்போர்டில் கிடந்த பொட்டலம் கண்ணில் பட்டது. முதல் நாள் குமரக்கோட்டம் முருகன் கோயிலில் அபிஷேக விபூதி வாங்கி, சரோஜாம்மா எனக்கென்று தனியாக ஒரு பெரிய பொட்டலம் கொடுத்திருந்தார். நான் அதைப் பூசாமல் அங்கே எறிந்துவைத்திருந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். தலையைக் காரின் மேல் சாய்த்தேன். "முருகா, எனக்கு ஒண்ணும் தெரியலை. நீ பாத்துக்கோ" என்றேன். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

பூசிக்கொள்ள விபூதியைத் தொட்டேன். பெல்ட்டைத் தொட்ட விரலில் அது பொடியாக ஒட்டவில்லை. சேறுபோல் அப்பிக்கொண்டது. முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

"அண்ணே, வண்டியில எண்ணெய் விட்டீங்களா?"

அவர் விழித்தார். "காத்தால எடுக்கும்போது கீச்சு கீச்சுன்னு கத்துச்சே பா. அந்தச் சுத்தற பட்டைக்கு ரெண்டு கரண்டி விட்டேன். தறியில கட்டை கத்துனா விடறதில்லையா?"

தறிக்காரர் கைப்பழக்கம். மரத்துக்கு மரம் உரசினால் எண்ணெய் வேண்டும். பெல்ட்டுக்கு அது எமன். தளர்ந்து கிடந்த பெல்ட், எண்ணெயும் சேர்ந்ததும் பிடிப்பில்லாமல் வழுக்கித் தீய்ந்துகொண்டிருந்தது. ஃபேன் சரியாகச் சுற்றவில்லை. தண்ணீர் கொதித்தது அதனால்தான்.

துண்டால் துடைத்தேன். போகவில்லை. விரலில் இருந்த சேற்றை மறுபடி பார்த்தேன். பொட்டலத்தை அப்படியே பெல்ட்டின் மேல் கவிழ்த்தேன்.

"டேய்! சாமி விபூதிய மிஷின்லயா கொட்றே!" என்று ஏகாம்பரம் பாய்ந்து வந்தார்.

உள்ளேயிருந்து சரோஜாம்மாவின் குரல் வந்தது. "அவன் எதுலனா கொட்டட்டும்யா! உன் எண்ணெயவிட அது மேலு!"

ஏகாம்பரம் தன் வேட்டி மடியிலிருந்த விபூதியையும் எடுத்து நீட்டினார்.

பூசினேன், துடைத்தேன், ஃபேனைக் கையால் சுற்றி மறுபடி பூசினேன். பெல்ட் ஓடும் பள்ளத்திலும் தேய்த்தேன். விரல்கள் கொப்பளித்தன. டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கி கம்பியால் நெம்பி, பெல்ட்டை இறுக்கி முடுக்கினேன். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து, கொதிப்பு அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

வண்டியை எடுத்தேன். கீச்சென்றது.

"மறுபடி கத்துதேபா!"

"கத்தட்டும்ணே. புடிக்குது."

செங்கல்பட்டு வரைக்கும் வண்டி கத்திக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தார்.

சாம்பல் எண்ணெயை இழுக்கும், இதில் முருகன் எங்கே வந்தான் என்று சிலர் கேட்கிறார்கள். பாத்திரம் துலக்குகிறவர்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். ஆனால் ஓடப் பார்த்தவனை நிறுத்தி, விரலை விபூதியில் வைக்கச் சொன்னது யார்? அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எந்த பஸ்ஸும் ஏறவில்லை. இன்றும் அதே வீட்டில்தான் வண்டி ஓட்டுகிறேன். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். கொண்டு விடுவது நான்தான். தினமும் வண்டி எடுக்கும் முன் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகு நெற்றியில் விபூதி பூசுவேன்.

வழி தெரியாமல் நிற்கிறவர்களே, பெரிய மந்திரம் எதுவும் வேண்டாம். தெரியவில்லை என்று அவனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஓடாமல் நின்று சொல்லுங்கள்.