ரத்தக்காட்டேரிக்குப் பங்காளி முறை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதிதாக எதையாவது படித்தால் அதை உடனே நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அந்த முட்டாள்தனத்தால் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

கல்யாணம் ரத்தக்காட்டேரிகளுக்கு. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடை மாடியில், சாக்குகளுக்கு நடுவே, ஞாயிறு மதியங்களில் அவரையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. ஆளுக்கொரு காட்டேரி. கதையை நடத்துவது நான். ஆங்கில விதிப் புத்தகம் எனக்குத்தான் பாதியாவது புரியும் என்பதால் கிடைத்த பதவி.

எங்களில் ஒருவர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர். அவருடைய காட்டேரி வம்சத்தின் மூலவன், விதிப் புத்தகத்தின் முதல் பதிப்பில் கொள்ளைநோயில் செத்து எழுந்த குழிவெட்டி. இரண்டாம் பதிப்பில் அவனே வைத்தியனாகி, தான் காய்ச்சிய மருந்தைத் தானே குடித்துக் கெட்டான். பதிப்புக்கொரு பூர்வீகம். எங்களுக்கு அதில் நஷ்டமில்லை. ஜீப்காரர் ஒரு வருஷம் ஆடி, எதிர் வம்சத்துப் பெண்ணைத் தாம்பூலத் தட்டோடு கேட்டு, நிச்சயம்வரை கொண்டுவந்துவிட்டார்.

அந்த வாரம்தான் மூன்றாம் பதிப்பு என் கைக்கு வந்தது. அதில் இரண்டு வம்சத்து மூலவர்களும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி.

"தம்பி, சோலி முடிஞ்சுது. பொண்ணு ஒனக்குத் தங்கச்சி முறை," என்றேன் சிரித்துக்கொண்டே.

"செத்தவனுக்கு என்னண்ணே முறை?" என்றார் ஏலக்காய் தரம் பிரிக்கும் நண்பர்.

"செத்தாலும் பங்காளிக்குத் தீட்டு உண்டுல்ல?" என்றார் கடைக்காரர். அதோடு வழக்கு தீர்ந்தது. புத்தகம் எழுதியவர்கள் காட்டேரிக்கு முறை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தது நாங்கள்.

ஜீப்காரர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. போன தையில் தேவாரம் ஊரில் அவருக்குப் பார்த்த சம்பந்தம், இரு வீட்டுக்கும் குலசாமி ஒன்று என்று தெரிந்து, பங்காளி முறையாகி நின்றுபோயிருந்தது. அதற்குள் ஜவுளி எடுத்தாகிவிட்டது. ஜவுளி எடுக்க ஜீப்பை ஓட்டிப் போனதும் அவரேதான்.

"அதுக்கென்ன, மலைக்கு அந்தப் பக்கம் நல்ல காட்டேரியா வேற பாப்போம். நானே வந்து கேக்குறேன்," என்று சமாளித்தேன்.

அவர் மூன்றாம் பதிப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"பழைய புத்தகத்தக் கொண்டாங்கண்ணே."